பத்துக் கேள்விப் படிவம் பற்றி

அன்புள்ள தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே ஊட்டிப் பக்கம் உறைபனி, கோத்தகிரியில் நல்ல குளிர். ஓ.பி.யில் வெயில் ஏறின பிறகுதான் கூட்டம் சேர்கிறது.

உங்கள் மருத்துவமனையில் புதிதாக வருகிற பெரியவர்கள் எல்லாரிடமும் சிறுவயது அடி, பாலியல் கொடுமை, வீட்டில் குடி என்று பத்துக் கேள்வி கேட்டு மதிப்பெண் போடப் போகிறார்கள், சரிதானா என்று கேட்டிருந்தாய். கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஓ.பி. வரிசையில் வைத்துக் கேட்க விடாதே.

அந்தக் கேள்விகள் வந்த வழியைச் சொல்கிறேன். அமெரிக்காவில் சான் டியாகோவில் எடை குறைப்பு சிகிச்சை நடத்திய டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி, நன்றாக இளைத்தவர்களே பாதியில் நின்றுவிடுவதை 1980களில் கவனித்தார். விசாரித்தால், பலருக்குச் சிறுவயதில் பாலியல் கொடுமை நடந்திருந்தது. பிறகு டாக்டர் ராபர்ட் ஆண்டாவோடு சேர்ந்து 1995 முதல் 1997 வரை 17,000 பேருக்கு மேல் சிறுவயதுக் கஷ்டங்களைப் பற்றிக் கேட்டு ஆய்வு செய்தார். 1998இல் வந்த முதல் கட்டுரையின்படி, நாலு வகைக் கஷ்டமோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிடக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு அதிகம். அந்தக் கேள்வித்தாள் வீட்டுக்குத் தபாலில் போனது. தனியாக உட்கார்ந்து நிரப்பினார்கள். அந்த மதிப்பெண்ணைத் தனி ஒருவரின் ஆபத்தை அளக்கப் பயன்படுத்தக் கூடாது என்று 2020இல் ஆண்டாவே எழுதினார். இதை உங்கள் டாக்டர்களிடம் அவசியம் சொல்.

இன்னொன்று, அந்தப் பத்தும் பெரும்பாலும் வீட்டுக்குள் நடந்ததைத்தான் கேட்கும். எங்களிடம் வருகிற டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) அம்மாக்கள் பலர் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு, சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். பிறந்த ஊர் போனது, வந்திறங்கியதும் மண்டபம் முகாம், அப்புறம் முன்பின் தெரியாத மலையில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாழ்க்கை. இதற்கெல்லாம் அந்தத் தாளில் கட்டமே இல்லை. பூஜ்யம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் கேட்கிற விதத்தைச் சொல்கிறேன். மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருந்தால் வாயே திறப்பதில்லை. தனியாக இருக்கும்போது, "அக்கா, பழைய கஷ்டம் உடம்பையும் பாதிக்கும். சொல்லணும்னு தோணினா சொல்லுங்க, இல்லேன்னா விட்டுடலாம். இந்தப் பரிசோதனையில எது உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்?" என்பேன். பலர் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை என்றாலே ஒதுங்கிப்போன ஓர் அம்மா, "கதவைத் தாழ் போடாதீங்க" என்றார், அவ்வளவுதான். ஸ்கிரீனை இழுத்துவிட்டு, கதவைச் சாத்தி மட்டும் வைத்தோம். உள்ளே பார்க்க வைக்கும் ஸ்பெகுலம் கருவியை அவரையே மெதுவாக வைத்துக்கொள்ளச் சொன்னோம். நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துவோம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தோம். பரிசோதனை முடிந்தது. அவருக்கு என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கதையை வாங்குவதா நம் வேலை? பயமில்லாமல் அவருக்கு வைத்தியம் கிடைக்க வேண்டும், அதற்குத்தான் கேட்கிறோம்.

யாராவது மனம்விட்டுச் சொன்னால், நடுவில் குறுக்கிடாதீர்கள், நம்பாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள், "உங்க தப்பு எதுவும் இல்லைக்கா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தோண்டித் துருவ வேண்டாம். அன்றைக்கே அனுப்பிவைக்க ஒரு கவுன்சிலர் இருக்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலும் பேசுவார்கள், ஆனால் அதை மட்டும் கையில் எழுதிக் கொடுத்து அனுப்பினால் போதாது. கவுன்சிலரைப் போடாமல் படிவத்தைத் தொடங்கினால் எதிர்த்துப் பேசு.

முக்கியமாக, ஓ.பி. சீட்டில் எதையும் எழுதவே கூடாது. அது வீட்டுக்குப் போகும், கணவர் பிரித்துப் படிப்பார். இங்கே மருந்து கொடுப்பவரும் வார்டு அக்காவும் அதே லயத்துக்காரர்கள். ஒரு வார்த்தை வெளியே போனால் அந்தப் பெண் மறுபடி ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாள்.

படிவத்தின் நகலை எனக்கு அனுப்பு. தமிழ் வாக்கியங்களை இங்கே இருக்கிற சிஸ்டர்களோடு உட்கார்ந்து பார்த்து, மாற்ற வேண்டியதைக் குறித்து அனுப்புகிறேன். மீட்டிங் எப்போது என்றும் எழுது, அதற்கு முன்னால் கிடைக்கிற மாதிரி போடுகிறேன். அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் கோத்தகிரித் தோழி