தாடை ரோமமும் தை முகூர்த்தமும்

மேற்கு மாம்பலம், சென்னை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

கல்யாணத்துக்கு முன்பே தாடை ரோமத்தை லேசரில் எடுத்துவிடப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். இதை அப்பாவிடம் பேச உனக்குக் கூச்சம், எனக்கும்தான். ஆனால் லேசர் நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்திய பாடம், அந்த உரிமையில் எழுதுகிறேன். எடுக்கலாமா வேண்டாமா என்பது உன் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. எந்தக் கருவியில், யார் கையால் என்பதில்தான் என் பிடிவாதமெல்லாம்.

லேசர் முடியைப் பிடுங்குவதும் இல்லை, அறுப்பதும் இல்லை. முடிக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் அந்த ஒளியை விழுங்கிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் வேர்க்கால் பொசுங்குகிறது. சுற்றியிருப்பதை விட்டுவிட்டு வேண்டிய இலக்கை மட்டும் ஒளியால் சுடலாம் என்ற கோட்பாட்டை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இருவர் 1983இல் எழுதினார்கள். வெள்ளைக்காரத் தோலுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். நம் தோலிலோ அதே மெலனின் மேலடுக்கிலேயே நிறைந்து கிடக்கிறது. வேருக்குப் போகவேண்டிய ஒளியில் ஒரு பங்கைத் தோலே வாங்கிக்கொண்டு வெந்துபோகிறது. பங்குனி வெயிலில் கறுப்புக் குடைத்துணியைத் தொட்டவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

தோல் வெயிலைத் தாங்கும் விதத்தை வைத்து ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற தோல் மருத்துவர் வகுத்த வரிசையில் ஆறு படிகள் உண்டு; ஒன்று மிக வெளுத்த தோல், ஆறு மிகக் கறுத்தது. நம் குடும்பத்தில் எல்லோரும் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில். நீ என் நிறம், ஆகவே ஐந்து என்றே வைத்துக்கொள். இனிக் கருவிக்கு வருகிறேன். அலெக்சாண்டிரைட் லேசரின் அலைநீளம் 755 நானோமீட்டர், டயோடு லேசருக்கு 810ஐ ஒட்டி, என்டி யாக் லேசருக்கு 1064. அலைநீளம் கூடக்கூட மெலனின் விழுங்குவது குறையும், ஒளியும் ஆழத்துக்கு இறங்கும். அதனால் கறுத்த தோலுக்கு 1064தான் பத்திரமானது. ஆற்றலைக் குறைத்து, ஒவ்வொரு ஒளித்துடிப்பின் நேரத்தையும் நீட்டி, தோலைக் குளிர வைத்துக்கொண்டே செய்யத் தெரிந்தவரிடம் டயோடும் பரவாயில்லை. 755ஐ உன் முகத்தின் பக்கமே விடாதே. 1064க்கும் குறை இல்லாமல் இல்லை: வலி சற்றுக் கூடுதல், மெல்லிய முடியில் அவ்வளவாக எடுபடாது.

ஐ.பி.எல். என்று இன்னொன்று இருக்கிறது. கிரிக்கெட் இல்லை. அது லேசரே இல்லை; பல அலைநீளங்கள் கலந்து பளிச்சிடும் விளக்கு. லேசர் என்று சொல்லியே அதை வைக்கிற இடங்களும் உண்டு. நம் உறவில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. முழங்காலுக்குக் கீழே தீப்பெட்டி அகலத்துக்குச் செவ்வகம் செவ்வகமாகக் கருந்திட்டுகள், கருவியின் முனை வைத்த இடமெல்லாம் வரிசை பிசகாமல். இரண்டு திட்டுகள் வெளுத்தே போய்விட்டன. கறுத்தது மாதக்கணக்கில் மங்கும்; வெளுத்ததற்கு நிறம் எப்போது திரும்பும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

தி. நகரில் ஓர் இடத்தில் போய் விசாரித்தேன். வரவேற்பில் இருந்த பெண் லேமினேட் செய்த விலைப்பட்டியலை நீட்டினாள்: மேலுதடு, தாடை, முழு முகம், மணப்பெண் பேக்கேஜ். என்ன கருவி என்றேன். "அமெரிக்கா மெஷின் சார்." அலைநீளம்? உள்ளே போய்க் கேட்டு வந்து, "எல்லா நிறத்துக்கும் ஏற்றது சார்" என்றாள். டாக்டர் சனிக்கிழமை மட்டும் வருவாராம். மற்ற நாட்களில் யார் செய்வார்கள் என்றதற்கு, "மேடம் நன்றாகச் செய்வார்கள்" என்று பதில். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணா நகர் டாக்டர் வேறு மாதிரி. பெயருக்குப் பின்னால் எம்.டி., டி.வி.எல். என்று இருந்தது, தோல், பால்வினை, தொழுநோய் மூன்றும் சேர்ந்த படிப்பு. கீழே தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண். கேட்டதும் கருவியின் பின்பக்கத்து ஸ்டிக்கரையே காட்டினார், 1064 என்று இருந்தது. முதலில் தாடையோரம் சிறிய இடத்தில் மட்டும் வைத்துப் பார்ப்பாராம். நம் தோலில் கருமை உடனே தெரியாது, தாமதமாகத்தான் தலைகாட்டும். அதனால் பொறுத்திருந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற இடம். கண்ணுக்குக் கவசம் கட்டாயம், புருவத்துக்குக் கீழே யார் கெஞ்சினாலும் செய்வதில்லை. நிரந்தரமாகப் போய்விடுமா என்றேன். "குறையும், அவ்வளவுதான்" என்றார். அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ.வும் அதற்குமேல் விளம்பரப்படுத்த அனுமதிப்பதில்லை. குறைத்துச் சொல்லும் வியாபாரியை நான் நம்புவேன்.

இனித் தை மாதம். எந்தச் சமயத்திலும் முடியில் ஒரு பகுதிதான் வளரும் பருவத்தில் இருக்கும், லேசரின் அடி அதற்கு மட்டும்தான் விழும். ஆகவே முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆறு, எட்டு தடவையாவது போகவேண்டும். இப்போது ஐப்பசி. தைக்குள் இரண்டு, மூன்றுக்கு மேல் நடக்காது. லேசர் தொடங்கிவிட்டால் இடையில் த்ரெட்டிங்கும் கூடாது, வேக்சும் கூடாது; வேரைப் பிடுங்கிவிட்டால் லேசர் எதைச் சுடும்? மழிக்க மட்டும் செய்யலாம். ஒரு கருந்திட்டு விழுந்தால் நலங்கும் வரவேற்பும் முடிந்து, ஆல்பம் வந்த பிறகும் அது அங்கேயே இருக்கும். ஆகவே லேசரைத் தள்ளிப்போடு, வழக்கம்போல் த்ரெட்டிங்கோடு கல்யாணத்தை முடி. பிறகு நீ சென்னைக்கே வந்துவிடப் போகிறாய், ஒரு மாதம் முடியைப் பிடுங்காமல் விட்டுவிட்டு நிதானமாகத் தொடங்கலாம். வெயிலில் கறுத்த முகத்தோடு மட்டும் போய் உட்காராதே. ஸ்கூட்டரில் முகத்தை மூடிக்கொள், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடு.

அடுத்தது அம்மா எழுதச் சொன்னது. மாதவிலக்கு உனக்குத் தள்ளித் தள்ளிப் போகிறதாமே. தாடையில் தடித்த முடி வருவதற்குச் சினைப்பை நீர்க்கட்டி காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் அதைக் கவனிக்காமல் லேசர் வைத்துப் பயனில்லை, ஒரு பக்கம் சுடச்சுட மறுபக்கம் புதிது முளைக்கும். முதலில் மகளிர் மருத்துவரைப் பார்த்து ஹார்மோன் பரிசோதனை செய்துகொள். கன்னத்துப் பூனைமுடியை யாரையும் தொடவிடாதே. தெற்காசியப் பெண்கள் சிலருக்கு முகத்திலும் கழுத்திலும் லேசர் பட்ட இடத்தை ஒட்டி முடி தடித்து வளர்வது உண்டு, ஹார்மோன் கோளாறு இருந்தால் இன்னும் அதிகம். காசு கொடுத்து மீசை வாங்கியது போல் ஆகிவிடும்.

பெங்களூரில் யாரோ சொன்னார்கள் என்று ஏதோ வெள்ளையாக்கும் கிரீம் தடவுகிறாயாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் தோல் மெலிந்திருக்கும், சூடு தாங்காது. ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருக்கிறதா பார். இருந்தால் நீயாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், முகம் சிவந்து எரியும். பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால் அதன் பெயரும் வேண்டும். எல்லாவற்றையும் படமெடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்பு. புதன்கிழமை அண்ணா நகர் பக்கம் போகிறேன், டாக்டரிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா