பிரெஞ்சு பிரஸ்ஸுக்கு வேண்டியது கப்பித் தூள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் ஞாயிறு இதழின் வாசகர் பக்கத்தில் அண்மையில் ஒருவர், தூளோடு ஊறிய கோப்பியை வலை பொருத்திய தண்டால் அமுக்கி வடிக்கும், பிரெஞ்சு பிரஸ் எனப்படும் கோப்பிச் சாடியைக் காசு கொடுத்து வாங்கியும் தமக்குக் கிடைத்தது கோப்பை நிறைய மண்டிதான் என்று குறைபட்டிருந்தார். அதே குறையை நானும் முதல் இரண்டு மாதங்கள் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லித் திரிந்தவன். பிழை அந்தச் சாடியில் இல்லை, அதற்குள் நாம் போடும் தூளில்தான் இருக்கிறது என்பதைச் சற்றுப் பிந்தியே அறிந்துகொண்டேன். அவர் அச்சாடியை அலுமாரிக்குள் தள்ளிவிடுவதற்கு முன் இக்கடிதம் அவர் கண்ணில் பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

கொழும்பில் பல தமிழ் வீடுகளுக்கு இச்சாடி வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டிக்குள், துவாயில் சுற்றப்பட்டு வந்து சேர்கிறது. லண்டன்காரர் அதனைக் கஃபெட்டியர் என்பார், மெல்பேண்காரர் பிளஞ்சர் என்பார், பெட்டியில் பிரெஞ்சு பிரஸ் என்றிருக்கும். பெயரில் பிரான்ஸ் இருந்தாலும் இத்தாலியருக்கும் இதில் பங்குண்டு. 1852ஆம் ஆண்டிலேயே பாரிஸில் இருவர் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர் என்பது உண்மை. ஆனால் 1929இல் மிலான் நகரின் அத்திலியோ கலிமானி பெற்ற காப்புரிமையும், 1958இல் ஃபலியேரோ பொண்டானினி பெற்ற காப்புரிமையுமே இன்றைய வடிவத்துக்கு வழிவிட்டன. பொண்டானினியின் சாடி பிரான்சில் கிளாரினெட் என்னும் ஊதுகருவி செய்யும் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தியானது என்பதை அறிந்தபோது, தண்டு இறங்கும் அந்த இசைவான ஓட்டத்துக்குக் காரணம் இதுதானோ என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் வீட்டுச் சாடியை என் தமக்கையின் மகன் கொண்டுவந்து தந்தான். வழமையாக வாங்கும் மா போன்ற கோப்பித்தூளில் நான்கு மேசைக்கரண்டி போட்டு, கேத்தலில் கொதித்த நீரை அப்படியே ஊற்றி, சில நிமிடங்கள் பொறுத்துத் தண்டை அமுக்கினேன். பாதி வழியில் அது நின்றுவிட்டது. உள்ளங்கையை வைத்து உடம்பின் பாரத்தையும் கொடுத்தேன். ஒரு கணம் எதுவும் அசையவில்லை. மறு கணம் மூடியின் ஓரத்தாலும் சாடியின் மூக்காலும் கொதிநீரும் தூளும் ஒன்றாகச் சீறி வெளியேறி, என் மணிக்கட்டைப் பொசுக்கிவிட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டி வரை தெறித்தன. அந்த ஆண்டு முடியும் வரை மார்கழிப் பக்கத்தில்கூடக் கோப்பிக் கறை இருந்தது.

நடந்தது என்னவென்றால், தண்டின் அடியில் ஒரு மெல்லிய கம்பி வலை இருக்கிறது. அதனை மேலும் கீழும் இரண்டு உலோகத் தட்டுகள் பிடித்திருக்க, ஓரத்திலுள்ள சுருள் கம்பி கண்ணாடியோடு உரசிக்கொண்டு இறங்குகிறது. வலையின் கண்களை விடச் சிறிய தூள் அவற்றின் ஊடாக மேலேறிக் கோப்பைக்குள் மண்டியாகப் படியும். அல்லது கண்களை அடைத்துக்கொண்டு நீருக்குப் போக வழியில்லாமற் செய்யும். அப்போது பலத்தைப் பிரயோகித்தால் எனக்கு நேர்ந்ததே எவருக்கும் நேரும். தண்டு இறுகினால் அமுக்காமல், சற்று மேலே தூக்கிவிட்டு மெல்ல இறக்க வேண்டும் என்பதையும், அமுக்கும்போது சாடியின் மூக்கு நம்மைப் பார்த்து இருக்கக் கூடாது என்பதையும் குழந்தைகள் உள்ள வீட்டார் குறிப்பாகக் கவனிப்பது நல்லது.

நான் மாத்தளையில் பிறந்தவன். எங்கள் முன்னோர் கடல் கடந்து வந்தது கோப்பித் தோட்டங்களுக்காக. 1869இல் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டு, பின்வந்த ஆண்டுகளில் அத்தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்த பிறகும், வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடியோடு நாலு கோப்பிச் செடிகள் நின்றுகொண்டுதான் இருந்தன. என் தாயார் அந்தக் கொட்டையை இரும்புச் சட்டியில் வறுத்து, உரலில் இடித்து, சலித்தெடுப்பார். சல்லடைக்குக் கீழே விழுவது கோப்பிக்கு. மேலே மிஞ்சுவதைக் கப்பி என்று சொல்லி மீண்டும் உரலில் கொட்டுவார். பிரெஞ்சு பிரஸ்ஸுக்கு வேண்டியது, ஐயா, அந்தக் கப்பிதான். ரவையை விடச் சற்றுப் பருமனாக, கல்லுப்பை நொறுக்கினாற்போல் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் என்ன சொல்லிக் கேட்பது என்று தடுமாறுவோர், கப்பியாக அரைத்துத் தாருங்கள் என்று கேட்டாலே போதுமானது.

ஆனால் எங்கே அரைப்பது என்பதில் ஓர் எச்சரிக்கை. மிளகாயும் மல்லியும் அரைக்கும் மில்லுக்குக் கோப்பிக் கொட்டையைக் கொண்டு போகாதீர்கள். நான் கொண்டு போனேன், அந்தக் கோப்பியை எவராலும் குடிக்க முடியவில்லை. கொட்டையை வறுத்து விற்கும் கடையிலேயே அரைப்பித்துக்கொள்வது நல்லது. அதனை விடச் சிறந்தது, பற்கள் உள்ள இரு பாகங்களுக்கிடையில் நசுக்கி அரைக்கும் கைக் கிரைண்டர் ஒன்றை வாங்கி, குடிக்கும் நேரத்தில் அரைப்பது. வீட்டு மிக்ஸியின் கத்தி கொட்டையை நறுக்குவதால் பாதி மாவாகவும் பாதி கல்லாகவும் வரும். வேறு வழியில்லையென்றால் விட்டு விட்டுச் சுற்றி, மா அரிக்கும் சல்லடையால் சலித்து, கீழே விழும் மாவைச் சாதாரணக் கோப்பிக்கு வைத்துக்கொள்ளலாம். சிக்கரி கலந்த தூளை இதில் போடுவதை நான் விரும்புவதில்லை. சிக்கரி நீரில் மிக எளிதாகக் கரைந்து கோப்பியின் சுவையை மூடிவிடுகிறது. கொழும்பின் ஈரக்காற்றில் அரைத்த தூளின் மணம் விரைவில் போய்விடும் ஆகையால், கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத போத்தலில் இட்டு, அடுப்புக்கு அப்பால் வைக்க வேண்டும்.

தயாரிப்பது பெரிய வித்தையன்று. முந்நூறு மில்லிலீற்றர் நீருக்கு 20 கிராம் தூள், அதாவது தட்டையாக நான்கு மேசைக்கரண்டியளவு. முதலில் சுடுநீரால் சாடியை ஒருமுறை அலசிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். கேத்தல் கொதித்து அணைந்ததும் அரை நிமிடம் பொறுத்தால் நீர் 95 பாகைக்கு அருகில் வந்துவிடும். அதனை ஊற்றி, மரக்கரண்டியால் கலக்கி, மூடியை வைத்து, நான்கு நிமிடம் தொடாமல் விட்டுவிட வேண்டும். பிறகு மேலே ஆடை போலக் கட்டியிருக்கும் தூளைக் கிளறிவிட்டு, நுரையைக் கரண்டியால் அள்ளியெடுத்தால் மண்டி மேலும் குறையும். தண்டை இருபது விநாடி எடுத்து ஆறுதலாக இறக்கலாம். எங்கள் வீட்டில் நாங்கள் விட்ட தவறு, அமுக்கியபின் எஞ்சிய கோப்பியைச் சாடியிலேயே வைத்திருந்து அரை மணி கழித்து ஊற்றியது. அடியில் தூள் கிடக்கும்வரை கோப்பி ஊறிக்கொண்டேயிருக்கும், கசப்பும் ஏறிக்கொண்டேயிருக்கும். பிந்திக் குடிப்பவருக்கு உரியதை உடனே பிளாஸ்க்கில் ஊற்றிவிட வேண்டும். கடைசி வாயளவை எவரும் குடிக்காமல் கோப்பையிலேயே விட்டுவிடுவது இச்சாடியின் வழக்கம். வலை வடிகட்டும் கோப்பியில் சிறிதளவு மண்டி எப்போதும் இருக்கும்.

இரத்தத்தில் கொழுப்புக் கூடியவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். கோப்பியிலுள்ள கஃபெஸ்டோல், கஹ்வியோல் என்னும் எண்ணெய்ப் பொருள்களைக் காகித வடிகட்டி பெருமளவில் தடுத்துவிடுகிறது. கம்பி வலை தடுப்பதில்லை. அவை கெட்ட கொலஸ்திரோலை உயர்த்துபவை. நாளுக்கு நாலைந்து கோப்பை குடிப்பவர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். என் மனைவி காலையில் ஒன்றோடு நிறுத்திவிட்டார், அதுவும் பால்மாவோடு. பால்மாவைச் சுடுநீரில் கரைத்துச் சாடியில் மூன்றிலொரு பங்கு ஊற்றித் தண்டை இருபது முறை ஏற்றி இறக்கினால் கடைக் கோப்பி போல நுரை பொங்கும் என்பதைக் கண்டுபிடித்தவரும் அவரே.

வாங்கப் போவோருக்கு: பெட்டியில் எட்டுக் கோப்பை என்று எழுதியிருந்தால் அது ஒரு லீற்றர் சாடி. அவர்களது கோப்பை 125 மில்லிலீற்றர். எங்கள் வீட்டு மக்கில் ஊற்றினால் நான்கு பேருக்குத்தான் காணும். இருவர் உள்ள வீட்டுக்கு 350 மில்லிலீற்றர் சாடி போதும், பெரிய சாடியில் கொஞ்சமாகப் போட்டால் வலை தூளைச் சரியாக எட்டாது. கண்ணாடி போரோசிலிக்கேற் வகைதானா என்று கேளுங்கள், திடீர்ச் சூட்டைத் தாங்குவது அதுவே. கடையிலேயே தண்டை இறக்கிப் பாருங்கள். ஓரக் கம்பி எங்காவது கண்ணாடியை விட்டு விலகினால் வேண்டாம். வலைத் தட்டுகளைத் திருகிக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும், இல்லையேல் இடுக்கில் தேங்கும் எண்ணெய் சில நாட்களிலேயே சிக்கு வாடை வீசும். கைநழுவிப் போடும் வழக்கமுள்ளவர்கள் இரட்டைச் சுவர் எவர்சில்வரில் வாங்கலாம். எனக்கென்னவோ தூள் மேலெழுந்து மெல்ல அமர்வதைப் பார்க்காமல் இக்கோப்பி குடிக்க மனம் வருவதில்லை.

எங்கள் கண்ணாடியை உடைத்தவன் நானேதான், ஈரத்தூளைத் தட்டிக் கொட்டும்போது கழுவுதொட்டியின் விளிம்பில் அடித்துவிட்டேன். தண்டு, வலை, சட்டகம் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. காலி வீதியிலும் புறக்கோட்டையிலும் ஐந்தாறு கடைகள் ஏறி இறங்கினேன். இதே அளவுச் சாடிகள் அடுக்கடுக்காக இருந்தன. கண்ணாடி மட்டும் தனியாக எங்கும் இல்லை. ஒரு கடைக்காரர் புதிதாக ஒன்றை விற்று, பழையதைப் போட்டுவிடச் சொன்னார். வாங்கிய புதிய சாடியின் கண்ணாடியைப் பழைய சட்டகத்தில் வைத்துப் பார்த்தேன், சில மில்லிமீற்றர் வித்தியாசத்தில் அது உட்காரவில்லை. பெட்டிக்குள் இருந்த குறிப்புத்தாளில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. உடையக்கூடிய கண்ணாடிப் பொருளை இறக்குமதி செய்பவர்கள் மாற்றுக் கண்ணாடியையும் உடன் இறக்க வேண்டும், சூடான நீர் பற்றிய எச்சரிக்கையையாவது நம் மொழிகளில் அச்சிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதற்கிடையில் 350 மில்லிலீற்றர் கண்ணாடியைத் தனியாக விற்கும் கடை கொழும்பில் எங்கிருக்கிறது என்பதை அறிந்த வாசகர் எவரேனும் இப்பகுதிக்கு எழுதினால் நன்றியுடையவனாவேன். மணிக்கட்டு ஆறிவிட்டது, சட்டகம் மட்டும் கண்ணாடியின்றிச் சமையலறைத் தட்டில் காத்திருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.