புறவு: பெயர்ப்பலகை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் பூங்கா, நடைபாதை அறிவிப்புகளைத் தமிழில் எழுதும் குழுவினருக்கு வணக்கம்.

ஊருக்கு வெளியே கிடக்கும் திறந்த நிலத்துக்குப் பெயர் தேடினால் கை முதலில் 'நாட்டுப்புறம்' என்றுதான் எழுதுகிறது. ஆளைத் தாழ்த்தும் தொனி அதில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. போதாததற்கு 'நாட்டுப்புறப் பாட்டு', 'நாட்டுப்புறக் கதை' என்று பாட்டும் கதையும் அதை எடுத்துக்கொண்டன. 'புறவு' என்ற சங்கச் சொல்லைப் பரிசீலியுங்கள்.

புறவு என்பது முல்லை நிலம். அகராதி 'காடு' என்றும் சொல்லும். ஆனால் வெயில் நுழையாத அடர்காட்டை நினைக்க வேண்டாம். செம்மண், புதர், நடுநடுவே வரகுக் கொல்லை, ஆநிரை மேயும் வெளி. 'புறம்' என்ற அடியோடு சேர்த்துப் பார்ப்பதே பொருந்தும்: குடியிருப்புக்குப் புறத்தே இருப்பது. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் 'புறவணிப் பத்து' என்றே ஒரு பத்து உண்டு. "நன்றே காதலர் சென்ற ஆறே" என்று தொடங்கி, தலைவன் போன வழியின் அழகைச் சொல்லும் பாடல்கள் அவை.

எல்லா இடத்துக்கும் இதை ஒட்டிவிடக் கூடாது. புக்கிட் தீமா மழைக்காடு. காடு என்ற சொல்லே போதும். சுங்கை பூலோ அலையாத்தி நிலம், கிராஞ்சி சதுப்பு. இரண்டும் ஈரநிலம், புறவோ வன்புலம், அதாவது நீர் தேங்காத கெட்டி நிலம். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு ரயில் நின்றுபோன 24 கிலோமீட்டர் ரயில் பாதையில், புல்லும் புதருமாகத் திறந்து கிடக்கும் பகுதிகளுக்குத்தான் இது கச்சிதம்.

இனி, தவறு நேரும் இடங்கள். புறவுக்குப் 'புறா' என்றும் பொருள் உண்டு. புறநானூறு 46-இல் வரும் "புறவின் அல்லல்" சிபிச் சோழன் காத்த புறாவின் துன்பம். அதனால் பலகையில் சொல்லைத் தனியே நிறுத்தாமல் 'புறவு நிலம்', 'புறவுப் பாதை' என்று எழுதுங்கள். பின்னதில் ப் விடுபடக் கூடாது. வேற்றுமை உருபு சேரும்போது உகரம் கெடும்: புறவில், புறவின். 'புறவுவில்' என்று ஒரு வடிவம் கிடையாது. முதல் பலகையில் மட்டும் கீழே சிறிய எழுத்தில் 'முல்லை நிலத் திறந்தவெளி' என்று விளக்கம் இருக்கட்டும், வழிநெடுக வேண்டாம்.

அச்சுக்குப் போகுமுன் றகரத்தைப் பாருங்கள். 'புரவு' வேறு சொல். சோழர் கல்வெட்டுகளில் 'புரவுவரித் திணைக்களம்' என்பது நிலவரிக் கணக்கு பார்த்த அலுவலகம். நடக்க வந்தவரிடம் வரி கேட்பதுபோல் ஆகிவிடும்.

இப்படிக்கு,
சங்க இலக்கிய வாசகர்கள் சிலர்