விழிப்புணர்வுக்கு எங்களிடம் பஞ்சமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வறுமை ஒழிப்பு, நிலையான வளர்ச்சி, பாதுகாப்பான புலம்பெயர்வு ஆகியவற்றுக்காகப் பல தன்னார்வ அமைப்புகள் கூடி நடத்திய கருத்தரங்கு பற்றிப் போன வாரம் மாவட்டப் பக்கத்தில் செய்தி போட்டிருந்தீர்கள். நன்றி. அதன் கடைசி வரி இது: "போதிய விழிப்புணர்வு இல்லாததாலேயே கிராமப்புற இளைஞர்கள் போலி முகவர்களிடம் ஏமாறுகிறார்கள்." மேடையில் யாராவது சொன்னதா, உங்கள் நிருபர் தானாகச் சேர்த்ததா என்று செய்தியில் இல்லை. யார் சொல்லியிருந்தாலும் சரி, அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவனும், சவூதியில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துவிட்டுக் கொரோனா சமயத்தில் வெறுங்கையோடு திரும்பியவனுமான எனக்கு அன்று காலைக் காப்பி இறங்கவில்லை.

2018இல் நான் கிளம்பியபோது எனக்கு என்னென்ன தெரியும் என்று சொல்கிறேன். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது என்று தெரியும். அதில் எங்கள் ஊர் ஏஜெண்டின் பெயரைத் தேடி, இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். பதிவு பெற்றவரே ஆனாலும் சர்வீஸ் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் வாங்கக்கூடாது என்பதும் தெரியும். ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த அந்த அறைக்குப் போய் இதையெல்லாம் நான் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. "முப்பதாயிரத்துக்கு எவன் அனுப்புறானோ அவன்கிட்டயே போங்க தம்பி, அட்ரஸ் கெடைச்சா எனக்கும் சொல்லுங்க" என்றார். ரசீது கேட்டேன். ரசீது கேட்பவர்களுக்கு விசா வராது என்றார். பக்கத்தில் பாஸ்போர்ட்டோடு காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் கேட்ட பணத்தைக் கட்டிவிட்டுத்தான் போனேன். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று, மீதி வட்டிக்கு வாங்கியது. இதில் எந்த இடத்தில் எனக்கு விழிப்புணர்வு குறைந்தது என்று உங்கள் நிருபர் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

விலை ஏன் அப்படி ஏறுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆள் தேவைப்படும் கம்பெனியின் பக்கத்திலேயே யாரோ விசாவுக்கு ஒரு விலை வைக்கிறார்கள். அதை வாங்குகிற பம்பாய்க்காரரோ சென்னைக்காரரோ தன் பங்கைச் சேர்க்கிறார், ஊரில் ஆள் பிடித்துக் கொடுப்பவர் தன் பங்கைச் சேர்க்கிறார், கடைசியில் மொத்தமும் போகிறவன் தலையில் விடிகிறது. பதிவில்லாமல் ஆள் எடுப்பது 1983ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் அந்தக் குற்றவாளி எங்களுக்கு மாமன் முறை ஆகவேண்டும், கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதுகிறவர், பெரியவன் போய்ச் சேர்ந்து பணம் அனுப்பினால் அடுத்து தம்பியின் பாஸ்போர்ட்டையும் அவரிடம்தான் கொடுப்போம். நோட்டீஸ் அடித்து விநியோகித்தால் இது நின்றுவிடுமா?

சரி, போகாமல் இருக்கலாமே என்பீர்கள். திருவாடானைப் பக்கம் ஒருமுறை வந்து பாருங்கள். கண்மாய் மேடாகிக் கிடக்கிறது, உள்வாயெல்லாம் சீமைக்கருவேலம். மழை ஏமாற்றிய வருடங்களில் அந்தக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பதுதான் பலருக்குக் கூலி. அந்தப் புகையில் வேலை செய்தவனிடம் பாலைவன வெயிலைப் பற்றி எச்சரித்து என்ன ஆகப்போகிறது? கருத்தரங்கில் காலை அமர்வில் நிலையான வளர்ச்சி, மாலை அமர்வில் புலம்பெயர்வு என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் இரண்டும் ஒரே கண்மாய்க்கரையில் இருக்கிற விஷயம்.

கூட்டமைப்புகளே வீண் என்று சொல்ல வரவில்லை. 2020 ஜூனில், திருப்பி அனுப்பப்பட்ட தொழிலாளர்களுக்குக் கிடைக்காத சம்பளத்தை ஊதியத் திருட்டு என்றே பெயர் சொல்லிக் கேட்டு, ஆசியாவில் புலம்பெயர் தொழிலாளர்களுக்காக வேலை செய்யும் அமைப்புகளின் கூட்டமைப்பான மைக்ரண்ட் ஃபோரம் இன் ஏசியாவும் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் சேர்ந்து இயக்கம் ஆரம்பித்தன. அப்போது இங்கே மாநிலத்திலும் டெல்லியிலும் எங்களைப் பற்றிப் பேசியவர்கள் கொஞ்சம் பேர்தான். நானே, கொரோனாவில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவர அரசு விட்ட வந்தே பாரத் விமானத்தில், டிக்கெட்டுக்குக் கைக்காசு கொடுத்து, பல மாதச் சம்பளத்தையும், வேலை முடிந்து கிளம்பும்போது கம்பெனி தரவேண்டிய சர்வீஸ் பணத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். தொடர்புடைய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு தாள் வந்தது. எந்த அலுவலகம் என்று அதில் இல்லை. அப்புறம் ஒரு தொண்டு நிறுவனம் என்னைத் தேடி வந்தது. மேடையில் மூன்று நிமிடம் என் கதையைச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன், துண்டு போர்த்தினார்கள், வீடியோ எடுத்தார்கள். சம்பளப் பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்க அவர்களும் பிறகு போன் செய்யவில்லை. அந்த வீடியோ எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தக் கருத்தரங்கிலும் மேடைக்குப் பின்னால் ஐ.நா.வின் பதினேழு நிலையான வளர்ச்சி இலக்குகளை இலக்குக்கு ஒன்றாகப் பதினேழு கலர்க் கட்டங்களில் போட்ட பேனர் இருந்தது. அதில் பத்தாவது கட்டத்துக்குள் ஓர் அளவுகோல் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போக ஒருவர் செலவழித்தது, அங்கே அவர் வாங்கும் மாதச் சம்பளத்தில் எத்தனை பங்கு என்று கணக்கெடுக்க வேண்டும். ஐ.நா. சொல்லியிருப்பது அது. ரொம்பச் சரியான கேள்வி. ஆனால் எத்தனை சம்பளத்தில் உன் கடன் அடைந்தது என்று என்னிடமோ, எங்கள் தெருவில் போய்வந்த மற்றவர்களிடமோ அரசும் கேட்கவில்லை, கூட்டமைப்பும் கேட்கவில்லை.

உங்கள் நிருபர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டார். அவருக்கு வேறு வேலை இருந்திருக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் விஷயம் அதற்குப் பிறகுதான் வந்தது. வீட்டுவேலைக்குப் போய்த் திரும்பிய ஒரு அக்கா பேசினார். பத்தாவது முடிக்காத பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக முப்பது வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு அந்த வயது ஆகவில்லை என்று ஏஜெண்ட் விசிட் விசாவில் அனுப்பிவிட்டாராம். பாதுகாப்புக்காகப் போட்ட விதியே தன்னை எந்தக் கணக்கிலும் இல்லாத ஆளாக்கிவிட்டது என்று நிதானமாகச் சொன்னார். புலம்பெயர் தொழிலாளர் உரிமைக்கான 1990ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இலங்கை 1996லேயே சேர்ந்துவிட்டது, இந்தியா இன்னும் கையெழுத்தே போடவில்லை என்று இன்னொருவர் எழுந்து கேட்டார். மேடையில் பதில் இல்லை, மறுநாள் உங்கள் பத்திரிகையில் கேள்வியும் இல்லை.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் எரிந்தபோது நீங்கள் உருக்கமாகத் தலையங்கம் எழுதினீர்கள், வெட்டி வைத்திருக்கிறேன். செத்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏழு பேர். ஒரே கட்டடத்துக்குள் அத்தனை பேரை அடைத்து வைத்ததைக் கண்டித்திருந்தீர்கள். அதே இதழின் வரி விளம்பரப் பக்கத்தையும் சேர்த்தே வெட்டி வைத்தேன். "குவைத், துபாய், சவூதி உடனடி விசா, கை நிறையச் சம்பளம், உணவு தங்குமிடம் இலவசம்" என்று இருந்தது, கீழே ஒரு செல்போன் எண் மட்டும். கம்பெனி பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. இந்த மாதிரி விளம்பரங்கள் போன ஞாயிறும் வந்தன. இதைப் பற்றி உங்களுக்கு முன்பே ஒரு கடிதம் போட்டேன். அதில் கண்மாய் பற்றி எழுதியிருந்ததை மட்டும் எடுத்து "தூர் வார வாசகர் கோரிக்கை" என்று பிரசுரித்தீர்கள். பெருந்தன்மைக்கு நன்றி.

எனவே கேட்பது ஒன்றுதான். வெளிநாட்டு வேலை விளம்பரம் எதுவானாலும் ஏஜெண்டின் பதிவு எண் இல்லாமல் வாங்காதீர்கள். எண்ணைக் கொடுத்தால் அது இ-மைக்ரேட் பட்டியலில் உயிரோடு இருக்கிறதா என்று உங்கள் விளம்பரப் பிரிவில் யாராவது ஒருவர் பார்க்கட்டும், ஐந்து நிமிட வேலை. விழிப்புணர்வை எங்களிடம் தேடுகிறவர்கள் இதைச் செய்வீர்கள் என்று நம்புகிறேன்.

கடிதம் நீளமாகிவிட்டது. இடமில்லை என்றால் ஐ.நா. சமாச்சாரத்தையும் என் சொந்தக் கதையையும் வெட்டிக்கொள்ளுங்கள். விளம்பரம் பற்றிச் சொன்னதை மட்டும் தயவுசெய்து இந்த முறை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருவாடானை வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.