லெகாண்ட் ஏறப் போகும் மகளுக்கு

அன்புள்ள யாழினி,

அக்டோபர் நடுவில் தோழிகளோடு அமெரிக்காவின் டென்னசியில், ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவிலுள்ள லெகாண்ட் சிகரம் ஏறப் போவதாகச் சொன்னாய். ஆலம் கேவ் பாதை நல்ல தேர்வு. போக 5 மைல், வர 5 மைல், ஏற்றம் சுமார் 2,760 அடி. உங்கள் வேகத்துக்கு ஏற நாலு மணி நேரம், இறங்க மூன்று என்று வைத்துக்கொள். மதியம் ஒரு மணிக்கு எங்கே நின்றாலும் அங்கிருந்தே திரும்பிவிட வேண்டும். அந்த மாதம் ஏழு மணிவாக்கில் சூரியன் மறையும். ஆனால் காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். ஆளுக்கொரு நெற்றி விளக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வண்டி நிறுத்தத்தான் டேக் (அனுமதிச் சீட்டு) வேண்டும், நாளுக்கு 5 டாலர். இலை நிறம் மாறும் பருவம் என்பதால் வார இறுதியில் விடியும்போதே இடம் நிறைந்துவிடும். முடிந்தால் செவ்வாய், புதன் பார்.

முதல் ஒன்றரை மைல் ஓடையை ஒட்டிய சாதாரண நடைதான். ஆர்ச் ராக் பாறைக்குள் புகுந்து படியேறியதும் ஏற்றம் தொடங்கும். 2.3 மைலில் ஆலம் கேவ். பெயர்தான் குகை, பார்த்தால் சுமார் 80 அடி உயரத்துக்குத் துருத்தி நிற்கும் பாறைச்சுவர். வெளியே மழை கொட்டினாலும் அடியில் மண் புழுதியாகக் காய்ந்து கிடக்கும். பாதிப் பேர் இங்கேயே திரும்பிவிடுவார்கள். யாருக்காவது முழங்கால் வலித்தால் நீங்களும் திரும்பிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதற்கு மேலேதான் கவனம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவே குறுகலான விளிம்பு. பாறையில் இரும்புக் கம்பிவடம் அடித்திருப்பார்கள். பாறையிலிருந்து கசியும் நீர் நிழலில் ராத்திரி உறைந்து, காலையில் கண்ணாடித் தாள் மாதிரி படிந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. ஒரு கை வடத்தில் இருக்கட்டும், காலை முழுதாகப் பதித்து வை. எதிரில் ஆள் வந்தால் பாறைப் பக்கம் ஒதுங்கி நில். வடம் சில்லிட்டிருக்கும், கையுறை வேண்டும். நவம்பருக்குத் தள்ளிப்போனால் ஷூவில் மாட்டும் முள்சங்கிலியும் வேண்டும்.

அடிவாரத்தைவிட மேலே 10 முதல் 20 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர் கூடுதல். அடிவார ஊரான கேட்லின்பர்கில் வெயில் அடிக்கிறதே என்று பருத்தி டி-ஷர்ட்டோடு போகாதே. ஏறும்போது வியர்வையில் நனைந்து, மேலே நின்றதும் காற்றுப் பட்டு உடம்பு வெடவெடக்கும். பருத்தி சீக்கிரம் காயாது. செயற்கை இழைச் சட்டை, கம்பளி, மழைக்கோட்டு, இந்த மூன்றும் வேண்டும். தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர்.

புளியோதரை கட்டிக்கொண்டு போ, குளிரிலும் தொண்டையில் இறங்கும். ஆனால் ஒரு பருக்கை, ஒரு ஆரஞ்சுத் தோல்கூடக் கீழே போடாதே. மனிதச் சாப்பாட்டு ருசி கண்ட கரடி ஆளைத் தேடி வர ஆரம்பிக்கும், கடைசியில் அதன் உயிருக்குத்தான் ஆபத்து. கரடியைப் பார்த்தால் 50 கஜம் தள்ளி நில், ஓடாதே.

6,593 அடி உச்சியில் ஒரு கல் குவியலும் சுற்றிலும் மரமும்தான். அதைத் தேடிப் போனவர்கள் ஏமாந்துதான் வருவார்கள். காட்சி வேண்டுமென்றால் உச்சிக்குப் பக்கத்திலுள்ள தங்கும் விடுதியான லெகாண்ட் லாட்ஜிலிருந்து கால் மைலுக்குள் இருக்கும் கிளிஃப் டாப்ஸ் போ. மர்டில் பாயிண்ட் சூரிய உதயத்துக்கு உரிய இடம், உங்கள் நேரத்துக்குத் தேவையில்லை. வழியில் சாம்பல் நிறத்தில் மொட்டையாக நிற்கும் மரங்கள் ஃப்ரேசர் ஃபர். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சின்னப் பூச்சி உறிஞ்சிக் கொன்றவை அவை. பக்கத்திலேயே குட்டிக் கன்றுகள் அடர்ந்து முளைத்திருக்கும், மிதித்துவிடாதே.

இறங்கும்போதுதான் முழங்கால் வாங்கும், அதனால் ஊன்றுகோல் எடுத்துக்கொள். பாதையில் சிக்னலை நம்பாதே, மேப்பை முன்னாடியே இறக்கி வை. காரில் மாற்று சாக்ஸ் இருக்கட்டும். கேட்லின்பர்க் வந்ததும் போன் பண்ணு. ஐந்து மணிக்கு மேல்தான் எதிர்பார்ப்பேன்.

அன்புடன்,
அம்மா