தீர்மானப் புத்தகத்தில் யார் கையெழுத்து?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 'உள்ளாட்சியில் பாதி இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்தும் புருஷன்மார்தானே ஆள்கிறார்கள், அந்தச் சட்டம் எதற்கு?' என்ற பேச்சு எங்கள் பக்கம் இப்போது அதிகம் கேட்கிறது. டீக்கடையில் மட்டுமல்ல, படித்தவர்கள் வீட்டுத் திண்ணையிலும்தான். கட்டணமில்லாப் பஸ்ஸும் மாதம் 1,000 ரூபாயும் பெண்களைக் கெடுத்துவிட்டன என்பதும் கூடவே வருகிறது. ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்த உரிமையில் எழுதுகிறேன்.

2016 சட்டத் திருத்தம் ஒதுக்கீட்டை 50 சதவீதமாக உயர்த்தியது. அதன்படி 2019 டிசம்பர் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு வந்தது. முதல் கூட்டத்தன்று ஊராட்சித் தலைவரின் நாற்காலியில் அவருடைய கணவர் உட்கார்ந்திருந்தார். தலைவரான அந்த அக்கா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். தீர்மானப் புத்தகம் என்னிடம் வந்தது. பக்கம் முழுக்க வெறுமை. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. 'எழுதி முடியுங்கள், படித்துவிட்டுப் போடுகிறேன்' என்றேன். அன்றிரவே வீட்டுக்கு ஆள் வந்து, 'உன் சம்சாரத்திடம் சொல்லி வை' என்று என் வீட்டுக்காரரை மிரட்டிவிட்டுப் போனார்கள். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கூட்டத்துக்கு சைக்கிளில் கொண்டுபோய் விட்டார்.

சில மாதம் கழித்து அந்த அக்காவே புத்தகத்தை மடியில் மறைத்து எடுத்துவந்து, 'தங்கச்சி, இதில் என்ன எழுதியிருக்கிறதென்று படித்துச் சொல்' என்றார். மூன்றாம் வருடம் கிராம சபையில் வாய்க்கால் தூர்வாரிய கணக்கை அவரே வாசித்தார். ஒரு தொகையைத் தவறாகப் படித்து, நிறுத்தி, திருத்திப் படித்தார். கணவர் அன்று கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே உட்கார்ந்திருந்தார். 2025 ஜனவரி 5-ஆம் தேதி எங்கள் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சி அரசு நியமித்த தனி அலுவலர் கைக்குப் போனது. இன்னொரு ஐந்து வருடம் கிடைத்திருந்தால் அந்த அக்கா யாரையும் படிக்கச் சொல்லியிருக்கமாட்டார்.

மூவலூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். தேவதாசி முறைக்கு எதிராக அந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போராடியபோதும், கலையும் பண்பாடும் அழிந்துவிடும் என்றே எதிர்த்தார்கள். 1947-இல் சட்டம் வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் எங்கள் பெண்கள் இன்று அவர் பெயரிலான திட்டத்தில்தான் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறார்கள்.

அதிகாரிகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த தேர்தலுக்குப் பிறகு தலைவரின் கணவருக்கு மேடையில் நாற்காலி போடாதீர்கள். கிராம சபையைக் காலை 11 மணிக்கு வைக்காதீர்கள். சபை கூடும் நாட்களில் அக்டோபர் 2 சம்பா நடவு நேரம், ஜனவரி 26 அறுவடை நேரம். அந்த வேளையில் பெண்கள் வயலில் இருப்பார்கள். மாலை 4 மணிக்கு வையுங்கள், கரையேறி கால் கழுவிவிட்டு வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் வார்டு உறுப்பினர் ஒருவர்,
மயிலாடுதுறை மாவட்டம்.