மூடிய லேப்டாப்பின் முதுகில் மானிட்டர் வைத்திருப்போருக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இணையச் சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் நடத்தும் அன்பர்களுக்கு, வணக்கம்.

பாலக்கோடு, அரூர், பென்னாகரம், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை என எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிப் போனாலும் உங்கள் கடைகளில் ஒரே ஏற்பாட்டைப் பார்க்கிறேன். மேசையில் மூடிய லேப்டாப், அதன் முதுகில் மானிட்டர், முன்னால் தனி கீபோர்டும் மவுஸும். மிச்சம் இருக்கும் இடுக்கில் வருமானச் சான்றிதழ் விண்ணப்பங்கள். லேப்டாப் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால், இதைக் கண்டும் காணாமல் நடக்க முடிவதில்லை.

மூடி வைத்து வேலை செய்தால் லேப்டாப் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரிய திரை கண்ணுக்கும் கழுத்துக்கும் நல்லது. கீல் உடைந்து, திரையில் கோடு விழுந்த பழைய லேப்டாப்கூட இப்படி இன்னும் சில ஆண்டுகள் சம்பாதித்துக் கொடுக்கும். டெஸ்க்டாப்பைவிட மின்சாரமும் குறைவு. கரண்ட் போனால் மானிட்டர்தான் அணையும். பாதி நிரப்பிய விண்ணப்பம் பேட்டரியின் தயவில் பிழைத்திருக்கும். யு.பி.எஸ். இல்லாமல் டெஸ்க்டாப் வைத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆகவே தாராளமாக மூடுங்கள். அதன் மேல் எதையும் ஏற்றாதீர்கள் என்பதுதான் என் முதல் கோரிக்கை.

லேப்டாப்பின் மூடி என்பது மெல்லிய திரைக்குப் போட்ட உறை. மானிட்டரின் எடையை நாள் முழுவதும் தாங்க அது செய்யப்படவில்லை. திரையில் வெள்ளைத் திட்டுகள் விழும், ஒருநாள் விரிசலே விடும். மூடியே கிடப்பதால் அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. சூடு இதைவிடப் பெரிய தொல்லை. பல மாடல்களில் வெப்பக் காற்று வெளியேறும் வாய் கீல் பக்கத்தில் இருக்கிறது. சில மாடல்கள் கீபோர்டின் இடைவெளி வழியாகவும் காற்றை இழுக்கின்றன. மூடினாலே அந்த வழி குறுகும். மேலே காகிதக் கட்டும் பின்னால் சுவரும் இருந்தால் காற்று எங்கே போகும்?

இதில் காலமும் நமக்கு எதிராக நிற்கிறது. பிளஸ் டூ முடிவு வருவதும், கல்லூரி விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் என்று கூட்டம் வாசலை மறைப்பதும், ஆஸ்பெஸ்டாஸ் கூரை கொதிப்பதும் ஒரே மே மாதத்தில்தான். கிரானைட் பட்டறைகளுக்குப் பக்கத்துக் கடை என்றால் விசிறியில் கல்தூசி வேறு. ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்கள் ஊர்க் குளிர்ச்சியை நம்பி இந்தப் பத்தியைத் தாண்டிப் போக வேண்டாம். விசிறி அடைத்துவிட்டால் குளிர்ந்த ஊரும் உதவாது. தச்சரிடம் சொல்லி, புத்தகத்தைச் செங்குத்தாக நிறுத்துவது போல லேப்டாப்பை நிறுத்த ஒரு மரத்தாங்கி செய்துகொள்ளுங்கள். காற்று வெளியேறும் வாயும் விசிறித் துளைகளும் மறைபடாமல் இருந்தால் போதும்.

அடுத்தது பேட்டரி. காலை முதல் இரவு வரை சார்ஜரிலேயே இருந்து, நூறு சதவீதத்திலேயே நின்று, சூட்டிலும் வேகும் லித்தியம் அயன் பேட்டரி சீக்கிரம் முதுமை அடையும். சில பேட்டரிகள் உள்ளே வாயு சேர்ந்து உப்பும். திறந்து வைத்து வேலை செய்பவர் டச்பேட் மேலெழுவதைக் கண்டு விழித்துக்கொள்வார். மூடி வைத்திருப்பவருக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. வாரம் ஒருமுறை திறந்து, டச்பேட் சமமாக இருக்கிறதா, மூடி தட்டையாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும் வசதி பல லேப்டாப்களில், தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளிலோ, விண்டோஸ் தொடங்கும் முன்பே இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்பிலோ இருக்கிறது. அதை இயக்கிவிடுங்கள்.

"தானாகத் தூங்கிவிடுகிறது, வைரஸ் போல" என்று தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். மூடி மூடியிருக்கிறதா என்பதை லேப்டாப் பெரும்பாலும் ஒரு சிறு காந்தத்தையும் அதை உணரும் ஹால் சென்சாரையும் வைத்துத்தான் அறிகிறது. திறந்திருக்கும் லேப்டாப்பை இன்னொரு லேப்டாப்பின் மேல் வைத்தாலோ, காந்தப் பட்டி வைத்த செல்போன் உறையை அதன் ஓரத்தில் போட்டாலோ, மூடிவிட்டதாக எண்ணி உறங்கிவிடும். வைரஸுக்குப் பணம் செலவழிக்கும் முன் மேசையைச் சுத்தம் செய்து பாருங்கள். வைஃபை மந்தமானாலும் அப்படித்தான்: ஆன்டெனா பெரும்பாலும் திரையின் விளிம்பில் இருக்கிறது. மூடிய லேப்டாப்பை இரும்பு மேசையில் கிடத்திவிட்டு இணைய நிறுவனத்தைத் திட்டுவதைவிட, ஒரு லேன் கேபிள் போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறொரு விஷயத்தில். மூடினாலும் ஓட வேண்டும் என்பதற்காக விண்டோஸில் 'டூ நத்திங்' என்று அமைத்திருப்பீர்கள். அப்படி அமைத்த லேப்டாப், மூடியதால் பூட்டிக்கொள்வதில்லை. நீங்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் மானிட்டரில் ஒரு பெண்ணின் ஆதார் அட்டை, இன்னொருவரின் வங்கிப் பாஸ்புக், யாரோ ஒரு மாணவனின் மதிப்பெண் பட்டியல் என எல்லாம் வாசலைப் பார்த்துத் திறந்து கிடக்கின்றன. மக்கள் உங்களை நம்பிக் கொடுத்த ஆவணங்கள் அவை. எழுந்திருக்கும்போது விண்டோஸ் கீயையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், திரை பூட்டிக்கொள்ளும். கடையில் உதவிக்கு நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள்.

அந்த அமைப்பையே சற்றுப் பிரித்துச் செய்ய வேண்டும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும் என்ற பகுதியில் இரண்டு பத்திகள் உண்டு: ஒன்று பேட்டரியில் ஓடும்போது, மற்றது சார்ஜரில் இருக்கும்போது. சார்ஜர் பத்தியில் மட்டும் 'டூ நத்திங்' போதும். பேட்டரி பத்தியில் 'ஹைபர்நேட்' வையுங்கள்; திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு லேப்டாப் அணைந்துகொள்ளும். இரண்டிலும் 'டூ நத்திங்' வைத்தவர்தான் இரவு கடை சாத்தும்போது ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை அப்படியே பைக்குள் போட்டு, வீட்டில் திறக்கும்போது அடுப்புச் சூட்டைத் தொட்டுப் பார்க்கிறார். 'ஸ்லீப்' மட்டும் வைத்தால், புதிய மாடல்கள் சில பைக்குள்ளேயே விழித்துக்கொள்வதும் உண்டு.

டச்பேட் ஏற்கெனவே மேலெழுந்திருந்தால் சார்ஜரை உடனே கழற்றி, லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். அதை அமுக்கி மூடவோ, ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றவோ, கழற்றிய பேட்டரியைக் குப்பையோடு எரிக்கவோ கூடாது. பழுது பார்க்கக் கொண்டுவருபவர்கள் பஸ்ஸில் இன்ஜின் பக்கமோ, மூட்டைகளுக்கு அடியிலோ வைக்காமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். பாதிப் பேர் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்து, மறுபடி ஊருக்கு ஓடுகிறார்கள்.

இப்படிக்கு,
தருமபுரியிலிருந்து ஒரு லேப்டாப் பழுது பார்ப்பவர்